காட்டில் மனிதக் குரல் பேசாத மலை மைனா

ஊருக்குள் தரையில் நடந்து இரை தேடும் மைனாவைத் தெரியாதவர் இல்லை. அதன் உறவான மலை மைனா தரைக்கு வருவதே அபூர்வம். ஆனைமலை போன்ற மழைக்காடுகளின் உயர்ந்த மரங்களில்தான் அதன் வாழ்க்கை. கிளையில் நடக்காது, தத்தித் தத்திப் போகும்.

1758இல் லின்னேயஸ் பெயரிட்ட ‘கிராக்குலா’ பேரினத்தைச் சேர்ந்தவை மலை மைனாக்கள். இந்தியா, இலங்கை தொடங்கி இந்தோனேசியத் தீவுகள்வரை இவை வாழ்கின்றன. பளபளக்கும் கறுப்பு உடல், சிறகில் வெள்ளைத் திட்டு, மஞ்சள் கால்கள். இனம் பிரித்தறிய, தலையில் உள்ள மஞ்சள் தோல்மடிப்பைக் கவனிக்க வேண்டும். தென்னிந்திய இனத்துக்குக் கண்ணருகே ஒன்றும் பிடரியில் ஒன்றுமாகத் தனித்தனியே இருக்கும். இமயமலை அடிவாரத்து இனத்தில் இரண்டும் சேர்ந்திருக்கும். இலங்கையின் ஈரவலயக் காடுகளுக்கே உரிய இனத்துக்குப் பிடரியில் மட்டுமே உண்டு.

ஆல், அத்தி வகைப் பழங்கள்தான் முக்கிய உணவு. முள்முருங்கைப் பூவின் தேனும் பூச்சிகளும் பிடிக்கும். மரப்பொந்தில் இரண்டு, மூன்று நீல முட்டைகள் இடும்.

கூண்டில் வளரும் மலை மைனா மனிதர் பேச்சை வியக்கும்படி திருப்பிச் சொல்லும். காட்டிலோ அது வேறு எந்த உயிரின் குரலையும் பாவனை செய்வதில்லை. பிரையன் பெர்ட்ராம் 1970இல் வெளியிட்ட ஆய்வு இதை விளக்கியது. ஒவ்வொரு பறவைக்கும் சில அழைப்பொலிகள் உண்டு; பெரும்பாலும் 3 முதல் 13 வரை. அவற்றை இளம் பறவை அக்கம்பக்கத்து மைனாக்களிடம் கற்கிறது. ஆண் ஆணிடமும் பெண் பெண்ணிடமும் கற்கும். எனவே இடத்துக்கு இடம் ஒலிகள் மாறுகின்றன. சுமார் 15 கி.மீ. தள்ளிப் போனால் பொதுவான அழைப்பொலியே இருப்பதில்லை.

கூண்டுக்குள் வந்த குஞ்சுக்கு அக்கம்பக்கம் என்பது மனிதர்கள்தான். அதனால் நம் பேச்சைக் கற்கிறது.

இந்தத் திறமையே அதற்கு எமனானது. கூட்டிலிருந்து குஞ்சுகளை எடுத்து விற்றதால் பல பகுதிகளில் எண்ணிக்கை சரிந்தது. இந்தோனேசியாவின் நியாஸ் தீவுக்கு உரிய இனம் அழிவின் விளிம்பில் நிற்கிறது. இந்தியாவில் மலை மைனாவைப் பிடிப்பதும் வளர்ப்பதும் சட்டப்படி குற்றம். பிடிபடும் ஒவ்வொரு குஞ்சோடும், அந்தக் காட்டின் அழைப்பொலிகளைக் கற்று அடுத்த தலைமுறைக்குக் கொடுக்க வேண்டிய ஒரு பறவையையும் காடு இழக்கிறது.