எதிர்காற்றில் சைக்கிள்

ஆடி மாதத்தில் ஆரியங்காவுக் கணவாய் வழியே வீசும் மேல்காற்றை எதிர்த்து, சூரியகாந்தி பூத்த சுந்தரபாண்டியபுரத்து வயல்களினூடே குற்றாலம் நோக்கிச் சைக்கிள் மிதிப்பவரின் தேகத்தில், பெடல் உச்சியிலிருந்து கீழிறங்கும் அந்த க்ஷணத்திலேயே, பிருஷ்டத் தசை இடுப்பையும், நான்கு தலைகளையுடைய முன்தொடைத் தசை முழங்காலையும் நிமிர்த்த, அவ்விரண்டின் பலத்தையும் கெண்டைக்கால் தசை பாதத்தின் வழியே பெடலுக்குச் சேர்ப்பிக்கிறது. மேலேறும் காலோ, பெரும்பாலும் மறுகாலின் தயவிலேதான் ஏறுகிறது!

மலையிறங்கி நடக்கையில் தசைகள் நீண்டுகொண்டே பாரம் தாங்குவதால் மறுநாள் வலி உண்டாகிறது. மிதிக்கையிலோ அவை சுருங்கியே வேலை செய்வதாலும், சரீரபாரத்தின் பெரும்பங்கை ஆசனமே ஏற்பதாலும், அவ்வலி சொற்பம். ஆசனம் மட்டும் மிகத் தாழ்ந்திருக்கலாகாது. இருந்தால், காற்றைப் பழித்துப் பிரயோசனமில்லை, முழங்கால்தான் நோகும்.