சேற்றில் இறங்கும் கால்கள்

மழைக்காலக் குறிப்புகள் – 9

சென்ற வாரம் குடையைப் பற்றிப் பேசினோம். இந்த வாரம் தலையிலிருந்து காலுக்கு இறங்குவோம்.

திருவனந்தபுரத்திலிருந்து பொன்முடிக்குப் போகும் வழியில் விதுரா. அதற்குப் பக்கத்தில், சரிவில் ஏறும் ஒரு ரப்பர் தோட்டம். ஆனி மாதம். விடிய இன்னும் ஒரு மணி நேரம் இருந்தது. நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு எனக்கு முன்னால் நடந்தவர் குலசேகரத்துக்காரர். இருபது வருஷமாக இந்தப் பக்கம் பால்வெட்டுகிறார். ஒவ்வொரு மரத்திலும் நின்று, முந்தைய வெட்டில் காய்ந்து ஒட்டியிருந்த பாலை நாடாவாக உரித்துக் கூடையில் போட்டார். கத்தியை ஒரே இழுப்பாகச் சரித்து இழுத்தார். வெள்ளைப் பொட்டுகள் வரிசையாக அரும்பி, ஒன்றுகூடி ஓடி, சிரட்டையில் சொட்டின. பிறகு அடுத்த மரம். விடிந்து வெயில் ஏறினால் பால் குறைந்துவிடும் என்பதால் இருட்டில்தான் இந்த வேலை.

பதினைந்தாவது மரத்தருகே குனிந்து, மடியிலிருந்து உப்புப் பொட்டலத்தை எடுத்துக் கணுக்காலில் தேய்த்தார். தீக்குச்சி கனத்தில் இருந்த அட்டை சுருண்டு விழுந்தது. விளக்கு வெளிச்சத்தில் அவர் கால்களைப் பார்த்தேன். தேய்ந்த ரப்பர் செருப்பு. விரலிடுக்குகள் வெளுத்து ஊறி, தோல் பிரிந்து கிடந்தன. சேற்றுப்புண்.

“காலுக்கு ஒரு ரப்பர் பூட்டு வாங்கிக்கிட்டா என்ன அண்ணாச்சி?”

“வாங்கினேன் சாரே. ஒரு மாசம் போட்டேன். காலு வெந்துபோச்சு. மேடு ஏறும்போது குதிகாலு உள்ள கெடந்து வழுக்குது. முந்நூறு மரம் வெட்டணும்லா? செருப்பே போதும்னு விட்டுட்டேன்.”

அந்தப் பூட்டை ரப்பர் ஷீட் அடிக்கும் கொட்டகையில் பார்த்தேன். அவர் கால் ஏழாம் அளவு. பூட்டு ஒன்பது. கடையில் இருந்தது அதுதான்.

இந்தச் சிறிய தவறுக்குப் பின்னால் நூற்றைம்பது ஆண்டுக்கும் மேலான கதை இருக்கிறது.

1876இல் ஹென்றி விக்ஹாம் என்ற ஆங்கிலேயர் பிரேசிலின் அமேசான் காட்டிலிருந்து ஏறத்தாழ 70,000 ரப்பர் விதைகளை லண்டன் கியூ தோட்டத்துக்குக் கொண்டுபோனார். அங்கே முளைத்த கன்றுகளில் பெரும்பகுதி இலங்கைக்குக் கப்பலேறியது. இந்தியாவில் வணிக அளவில் முதல் ரப்பர்த் தோட்டம் 1902இல் பெரியாற்றங்கரையில் தட்டேக்காட்டில் எழுந்தது. அதன்பின் திருவிதாங்கூரின் மலையடிவாரம் முழுக்க, இன்றைய கன்னியாகுமரி மாவட்டம் உட்பட, ரப்பர் பரவியது.

ரப்பர் காலுக்கு வந்தது அதற்கும் முன்னால். சார்லஸ் குட்இயர் 1839இல் ரப்பரோடு கந்தகத்தைச் சேர்த்துச் சூடாக்கி, வெயிலில் இளகாமலும் குளிரில் உடையாமலும் இருக்கும் பொருளாக்கினார். அந்த முறையைப் பயன்படுத்தி 1853இல் ஹைரம் ஹட்சின்சன் பிரான்சில் ரப்பர் பூட்ஸ் தயாரிக்கத் தொடங்கினார். மரக்கட்டைச் செருப்போடு வயலில் இறங்கிய உழவர்கள் முதல்முறையாக உலர்ந்த காலோடு வீடு திரும்பினார்கள். முதல் உலகப்போரில் பதுங்குகுழிச் சேற்றில் நின்ற வீரர்களின் கால்கள் அழுகியபோது, ஸ்காட்லாந்தின் ஒரு ரப்பர் நிறுவனம் மட்டும் பிரிட்டிஷ் ராணுவத்துக்கு 11 லட்சம் ஜோடிகளுக்கு மேல் செய்து கொடுத்தது. ஈரத்தில் ஊறிய கால் ஒரு படையையே முடக்கும் என்பதை அரசுகள் அப்போது கண்கூடாகக் கண்டன.

அந்தப் பாடம் திருவிதாங்கூருக்கு வேறு வழியில் வந்தது. 1920களின் இறுதியில் ராக்பெல்லர் அறக்கட்டளையின் மருத்துவர்கள் இங்கே கொக்கிப்புழுவை ஆராய்ந்தார்கள். ஈர மண்ணில் இருக்கும் அதன் நுண்புழு வெறுங்காலின் தோலைத் துளைத்து, ரத்தத்தில் கலந்து, நுரையீரல் வழியாகக் குடலுக்குப் போய்ச் சேரும். அங்கே ஒட்டிக்கொண்டு ரத்தத்தை உறிஞ்சும். தோட்டத் தொழிலாளிகளின் சோகைக்கு அது முக்கியக் காரணம். திருவனந்தபுரத்துக்குத் தெற்கே நெய்யாற்றின்கரையில் 1930 வாக்கில் தொடங்கிய சுகாதார மையம் இத்தகைய நோய்த்தடுப்பு வேலைக்கு முன்மாதிரியானது. கழிப்பறை, காலணி, இரண்டும் வேண்டும் என்பது கொக்கிப்புழு கற்றுத் தந்த பாடம்.

இன்று கொக்கிப்புழுவின் இடத்தில் எலிக்காய்ச்சல் நிற்கிறது. எலியின் சிறுநீர் கலந்த தண்ணீரிலும் சேற்றிலும் அதன் கிருமி வாரக்கணக்கில் உயிரோடு இருக்கும். காலில் ஒரு கீறல் போதும். கீறல் இல்லாவிட்டாலும், வெகுநேரம் ஊறி வெளுத்த தோலே அதற்கு வாசல். 2018 ஆகஸ்ட் வெள்ளம் வடிந்த பிறகு கேரளத்தில் உயிர்களைப் பறித்தது இந்தக் காய்ச்சல். சேற்றில் வேலை செய்கிறவர்களுக்கு வாரம் ஒருமுறை டாக்ஸிசைக்ளின் 200 மில்லிகிராம் கொடுக்கும் ஏற்பாட்டைக் கேரள சுகாதாரத் துறை செய்திருக்கிறது. கூடவே கையுறையும் பூட்டும் அணியச் சொல்கிறது. மாத்திரையை மருத்துவரைக் கேட்டுத்தான் சாப்பிட வேண்டும். பூட்டுக்கு யாரையும் கேட்க வேண்டியதில்லை.

ரப்பர்த் தோட்டத்தில் இன்னொரு ஆபத்து சருகுக்குள் கிடக்கிறது. ஒரு முழம்கூட நீளமில்லாத, காய்ந்த இலையின் நிறமும் மேலே தூக்கிய மூக்கும் கொண்ட குழிவிரியன் அது. நம் நாட்டில் கிடைக்கும் விஷமுறிவு மருந்து நாகம், கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் ஆகிய நான்குக்கானது. 1978 முதல் வடநெம்மேலியில் இயங்கும் இருளர் கூட்டுறவுச் சங்கம் அந்த நான்கின் விஷத்தைத்தான் எடுத்துக் கொடுக்கிறது. குழிவிரியன் அந்தப் பட்டியலில் இல்லை. அது கடித்துச் சிறுநீரகம் பழுதானவர்கள் உண்டு. பாதத்திலும் கணுக்காலிலும் விழக்கூடிய அந்தக் கடியைத் தடுக்க முழங்கால் வரை ஏறும் ஒரு பூட்டுதான் துணை.

இவ்வளவும் தெரிந்த பிறகும் சட்டம் காலைத் தொடவில்லை. 1951ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டம் மழைக்கும் குளிருக்கும் எதிராகக் குடை, கம்பளி, மழைக்கோட்டு ஆகியவற்றைப் பெயர் சொல்லிக் குறிப்பிட்டது. ‘இவை போன்ற மற்ற வசதிகள்’ என்றும் சேர்த்தது. பூட்டு அந்த மற்றவற்றுக்குள் மறைந்துபோனது. பொன்முடியிலும் போனக்காட்டிலும் தேயிலை கிள்ளிய தமிழ்க் குடும்பங்களுக்குக் கம்பளி கிடைத்தாலும் அதைப் போர்த்திக்கொண்டு வெறுங்காலோடுதான் மலையேற வேண்டியிருந்தது.

இனி, எந்தப் பூட்டு என்று பார்ப்போம். எழுத்தாளர் ஆ. மாதவன் கதைகளில் வாழும் திருவனந்தபுரத்துச் சாலைக் கடைத்தெருவில் நான் விசாரித்தேன். கம்பூட் என்ற பெயரில் விற்பதில் பெரும்பாலானவை பிவிசி பிளாஸ்டிக். விலை குறைவு, ஆனால் விறைப்பு அதிகம், ஈரப் பாறையில் வழுக்கும். இயற்கை ரப்பர் வளைந்து கொடுக்கும், தரையைப் பிடிக்கும். குளிர் நாடுகளில் உள்ளே நியோபிரீன் நுரையோ கம்பளியோ வைத்த பூட்டுகள் உண்டு. நுரைக்குள் அடைபட்ட காற்று உடல் சூட்டை வெளியே விடாது. டொராண்டோவில் பனி உருகும் சேற்றில் நடக்கிற நம் உறவினர்களுக்கு அது உயிர்த்துணை. திருவனந்தபுரத்தில் அதே பூட்டு காலை அவித்துவிடும். 1,868 மீட்டர் உயரமுள்ள அகஸ்தியர்கூடத்துக்கு ஜனவரியில் ஏறுகிறவர்களுக்குக்கூட, உள்ளுறை இல்லாத பூட்டும் தடித்த ஒரு ஜோடிக் காலுறையும் போதும். மாற்றுக்கு இன்னொரு ஜோடி பையில் இருக்கட்டும்.

அளவில்தான் கவனம் வேண்டும். காலுறை போட்டபின் நின்று பாருங்கள். கட்டைவிரலுக்கு முன்னால் அரை விரல் இடம் இருக்கலாம். நடக்கும்போது குதிகால் மேலெழும்பக் கூடாது. எழும்பினால் கொப்புளம் நிச்சயம். வேலை முடிந்ததும் கழுவி, செய்தித்தாளைத் திணித்து நிழலில் காயவையுங்கள். வெயிலும் மண்ணெண்ணெயும் ரப்பருக்குப் பகை. காலை நுழைப்பதற்கு முன் ஒருமுறை கவிழ்த்துத் தட்டுங்கள். தேளுக்கும் பாம்புக்குட்டிக்கும் அது நல்ல பொந்து.

ஓர் எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். பூட்டின் விளிம்புக்கு மேல் ஏறும் ஓடுதண்ணீரில் அது காப்பாற்றாது. நிரம்பிக் கனத்து ஆளை இழுக்கும். 2024 ஜூலை 13 அன்று திருவனந்தபுரத்தின் தம்பானூர் ரயில் நிலையத்துக்கு அடியில் ஓடும் ஆமயிழஞ்சான் தோடு என்ற கால்வாயில் குப்பை அள்ள இறங்கிய ஒரு தற்காலிகத் தொழிலாளி, திடீர்ப் பெருக்கில் அடித்துச் செல்லப்பட்டார். மூன்றாம் நாள்தான் உடல் கிடைத்தது. அப்படிப்பட்ட கால்வாயில் பூட்டோடும் மனிதனை இறக்கக் கூடாது. இதே நகரத்தின் ஜென்ரோபாட்டிக்ஸ் இளைஞர்கள் ஆள் இறங்காமல் பாதாளச் சாக்கடைக் குழியைச் சுத்தம் செய்யும் ‘பாண்டிகூட்’ இயந்திரத்தை 2018இலேயே உருவாக்கிக் காட்டிவிட்டார்கள். கால்வாய்க்கும் அத்தகைய இயந்திரங்கள் வரவேண்டும்.

சாலைத் தெருவில் கடைசியாக ஒன்று கேட்டேன். பெண்களுக்கு நான்காம் அளவு, ஐந்தாம் அளவு பூட்டு இருக்கிறதா? விசாரித்த இரண்டு கடைகளிலும் இல்லை. அரசின் ஊரக வேலைத் திட்டத்தில் ஓடை வெட்டுகிறவர்களில் பெரும்பாலோர் பெண்கள். வீடு வீடாகக் குப்பை சேகரிக்கும் ஹரித கர்ம சேனையில் இருப்பவர்களும் பெண்கள்தான். அவர்கள் கால் அளவுக்குப் பூட்டு கடையிலேயே இல்லையென்றால், ‘பூட்டு அணியுங்கள்’ என்ற அறிவிப்பு யாருக்கு?

செய்ய முடியாத காரியம் இல்லை இது. இதே திருவனந்தபுரத்தில், பேரூர்க்கடையில், மத்திய அரசின் ஹிந்துஸ்தான் லேடெக்ஸ் (இன்றைய எச்.எல்.எல். லைஃப்கேர்) 1969 முதல் ஆணுறை தயாரிக்கிறது. ரப்பர் மரத்தின் பாலை ஒரு பொதுச் சுகாதாரப் பொருளாக்கி, மலிவு விலையில் பட்டிதொட்டியெல்லாம் கொண்டுபோய்ச் சேர்த்த நாடு நம்முடையது. அதே பாலில் நான்காம் அளவிலிருந்து பூட்டு செய்து, சேற்றில் இறங்குகிற ஒவ்வொருவருக்கும் தர நம்மால் முடியும். பால்வெட்டுகிறவருக்குக் கத்தி எப்படியோ அப்படித்தான் பூட்டும். வேலைக்கான கருவியை வேலை கொடுப்பவர்தான் வாங்கித் தர வேண்டும்.

அரசு செய்யும்வரை நாம் காத்திருக்க வேண்டாம். இந்த மழைக்காலத்தில் உங்கள் வீட்டு ஓடையைத் தூர்வார, தோட்டத்தில் களையெடுக்க யாரையாவது அழைப்பீர்கள். கூலி பேசுவதற்கு முன் அவருடைய கால் அளவைக் கேளுங்கள்.

(தொடரும்)