உங்கள் கண்ணைப் பார்க்கும் இளம் மருத்துவர் யார்?

புறநோயாளிகள் பிரிவில் பெயர் அழைக்கப்பட்டு உள்ளே சென்றதும், முகவாயைக் கருவியின் மீது வைக்கச் சொல்லி, கண்ணுக்குள் ஒளியைச் செலுத்திப் பார்ப்பவர் பெரும்பாலும் முப்பது வயதைத் தாண்டாத ஒருவராகவே இருப்பார். "பெரிய டாக்டர் எப்போது வருவார்?" என்பது காத்திருப்புக் கூடத்தில் அன்றாடம் காதில் விழும் கேள்வி. அறுவை சிகிச்சைக்கு நாள் குறித்த பின்னர் அக்கேள்வி மேலும் கூர்மை பெறுகிறது: "என் கண்ணில் கை வைக்கப்போகிறவர் யார்?" இதனை வாய்விட்டுக் கேட்கத் தயங்கி, நாளைத் தள்ளிப்போட்டு வீடு திரும்பிவிடுவோரும் உண்டு. புரை மிக முற்றிய பின் வந்தால் அறுவை கடினமாகிறது. கண் அழுத்த நோயிலோ, இழந்த பார்வை மீள்வதே இல்லை. ஆகவே அந்த இளைஞர் எங்கிருந்து வந்தவர், எதைக் கற்றவர், எதுவரை தனித்துச் செய்ய அனுமதிக்கப்படுகிறார் என்பதை நோயாளரும் குடும்பத்தாரும் அறிந்திருப்பது நலம்.

முதலில் ஒன்று: அவர் மாணவர்தான்; ஆனால் மருத்துவரும்கூட. நாலரை ஆண்டு எம்.பி.பி.எஸ். படிப்பையும் ஓராண்டு மருத்துவமனைப் பயிற்சியையும் முடித்து, மருத்துவராகப் பதிவு பெற்றவர். அதன்பின் தேசிய அளவிலான நுழைவுத் தேர்வில் இடம் பெற்று, கண் மருத்துவத்தில் மூன்றாண்டு எம்.எஸ். அல்லது அதற்கு இணையான டி.என்.பி. படிக்கிறார். தேர்வு நாடு முழுவதற்கும் பொதுவானது என்பதால், கேரளத்திலிருந்தும் ஆந்திரத்திலிருந்தும் வட மாநிலங்களிலிருந்தும் மாணவர்கள் இங்கு வருகின்றனர்.

மருத்துவம் பயில வெளியூரார் வருவது புதுவைக்குப் புதிதன்று. பிரெஞ்சு ஆட்சியில், 1823ஆம் ஆண்டிலேயே, இந்நகரில் மருத்துவப் பள்ளி தொடங்கப்பட்டது. ஆட்சி மாறிய பின், 1956இல் அது தன்வந்திரி மருத்துவக் கல்லூரி ஆயிற்று; 1964இல் ஜிப்மர் எனப் பெயர் பெற்றது. மாஹேயில் மலையாளமும் ஏனாமில் தெலுங்கும் காரைக்காலில் தமிழும் பேசும் மக்களைக் கொண்ட ஆட்சிப்பகுதியின் தலைநகரில், மருத்துவரும் நோயாளரும் வேறு வேறு மொழியினராக இருப்பது இயல்பே. வடக்கிலிருந்து வரும் மாணவர் முதலில் கற்கும் தமிழ், "மேலே பாருங்கள், கீழே பாருங்கள், கண்ணை மூடாதீர்கள்" என்பதாகவே இருக்கும். அவர் தட்டுத்தடுமாறிக் கேட்கும் கேள்வி விளங்கவில்லையெனில், விளங்கியதுபோல் தலையசைத்துவிட வேண்டாம். "எத்தனை நாளாக மங்கல்?" என்பதற்கும் "எந்தக் கண்ணில்?" என்பதற்கும் விடை மாறிப்போனால் தொல்லை உங்களுக்குத்தான். செவிலியரை அழையுங்கள்.

எத்தனையோ துறைகள் இருக்கக் கண்ணை ஏன் தேர்ந்தெடுக்கிறார்கள்? தேர்வில் கிடைத்த தரவரிசை ஒரு காரணம். அதை ஒளிக்க வேண்டியதில்லை. கட்டுத் திறந்த மறுநாளே பலனைக் காணக்கூடிய அறுவை என்பது மற்றொரு காரணம். வீட்டில் ஒருவர் பார்வை இழந்ததைக் கண்டு வந்தவர்களும் உளர். பிலிப்பைன்சு நாட்டின் விடுதலை வீரராகவும் நாவலாசிரியராகவும் அறியப்படும் ஹோசே ரிசால், தம் தாயின் பார்வை மங்கியதைக் கண்டு கண் மருத்துவம் பயின்றவர். பாரிசிலும் ஹைடல்பர்கிலும் பயிற்சி பெற்றுத் திரும்பி, அத்தாயின் கண்ணிலேயே புரை அறுவை செய்தார்.

விரும்பாமலே இத்துறைக்கு வந்த ஒருவரும் நம்மிடையே வாழ்ந்தார். 1918ஆம் ஆண்டு எட்டயபுரத்தை அடுத்த அயன் வடமலாபுரத்தில் உழவர் குடியில் பிறந்த மருத்துவர் கோ. வெங்கடசாமி, எருமை மேய்த்தவர். ஆற்று மணலைப் பரப்பி அதில் எழுத்துக் கற்றவர். உறவுப் பெண்கள் மூவர் மகப்பேற்றில் இறந்ததைக் கண்டு, மகப்பேறு மருத்துவராக வேண்டுமென்று முடிவு செய்தார். 1944இல் சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் பட்டம் பெற்றுப் படைப்பிரிவு மருத்துவத்தில் சேர்ந்த சில ஆண்டுகளில், கடுமையான முடக்குவாதம் அவரைப் படுக்கையில் வீழ்த்தியது. எழுந்தபோது விரல்கள் கோணிப்போயிருந்தன. மகப்பேறு மருத்துவம் அக்கைகளுக்கு இயலாததாயிற்று. அதன் பின்னரே அவர் கண் மருத்துவத்தைத் தேர்ந்தார். கோணிய விரல்களால் கத்தியைப் பிடிக்கவும், நுண்ணிய வெட்டுகளை இடவும் புதிதாகப் பழகி, 1951இல் முதுநிலைப் பட்டம் பெற்றார். தம் வாழ்நாளில் ஓர் இலட்சத்திற்கும் மேற்பட்ட கண் அறுவைகளை அக்கைகளால் செய்தார்.

1976இல், அரசுப் பணியிலிருந்து ஓய்வு பெற்றபின், மதுரையில் 11 படுக்கைகளுடன் அவர் தொடங்கியதே அரவிந்த் கண் மருத்துவமனை. அப்பெயர் புதுவையில் வாழ்ந்த ஸ்ரீ அரவிந்தரைக் குறிப்பது. ஆசிரமத்தோடு வெங்கடசாமிக்கு நீண்ட பற்று இருந்தது. அந்நிறுவனத்தின் புதுச்சேரி மருத்துவமனை 2003இல் திறக்கப்பட்டது. அங்கும் இளம் மருத்துவர்கள் பயிற்சி பெறுகின்றனர்.

இவ்வரலாற்றை இங்குச் சற்று விரித்துச் சொல்லக் காரணம் உண்டு. பிறவியிலேயே உறுதியான கை வாய்த்தவர்தாம் கண் அறுவை செய்ய இயலும் என்று பலர் நினைக்கின்றனர். இரு கண்களாலும் ஆழத்தை உணரும் திறன் நுண்ணோக்கியின்கீழ் அறுவை செய்வோர்க்கு மிகவும் வேண்டப்படுவதே; எனினும் கைத்திறன் பெரும்பாலும் பழக்கத்தால் வருவது. வீணை வாசிப்போருக்கும் பூத்தையல் போடுவோருக்கும் இது எளிதாக வரும் என்று மாணவர்கள் தமக்குள் பேசிக்கொள்வதுண்டு. அதை அவ்வளவாக நம்ப வேண்டியதில்லை என்பது என் கருத்து.

ஆனால் ஓவியம் வரையும் பழக்கம் உறுதியாகக் கைகொடுக்கிறது. விழித்திரையைப் பரிசோதித்த மாணவர், கண்டதை வண்ணப் பென்சில்களால் வரைந்து காட்ட வேண்டும்: தமனிகள் சிவப்பு, சிரைகள் நீலம், பிரிந்து நிற்கும் விழித்திரையும் நீலம், ஊடகக் கலங்கல் பச்சை. தலையில் அணியும் விளக்குக் கருவியின் வழியே பார்க்கும்போது பிம்பம் தலைகீழாகவும் இடவலம் மாறியும் தெரியும். ஆதலால் படத்தாளையே தலைகீழாக வைத்துக்கொண்டு வரைவார்கள். புகைப்படக் கருவிகள் பெருகிய இக்காலத்திலும் இப்பயிற்சி கைவிடப்படவில்லை. வரைய வேண்டுமென்றால் ஒவ்வொரு மூலையையும் பார்த்தாக வேண்டும் அல்லவா? உங்கள் கண்ணை அவர் நெடுநேரம் பார்த்தால், ஏதோ பெரிய கோளாறு என்று அஞ்ச வேண்டாம். படம் இன்னும் முடியவில்லை என்பதாகவும் இருக்கலாம்.

வேறு ஆர்வங்களும் கண் மருத்துவரிடம் வந்து சேரும். 1819இல் சென்னையில் தொடங்கி இன்று எழும்பூரில் இயங்கும் அரசு கண் மருத்துவமனையின் கண்காணிப்பாளராக 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இருந்த ராபர்ட் ஹென்றி எலியட், கடற்பாம்புகளின் நஞ்சை ஆராய்ந்தவர்; கண் அழுத்த நோய்க்கு அவர் வகுத்த துளையிடும் அறுவை முறை உலகெங்கும் பரவியது. இலண்டன் திரும்பியபின் மாயவித்தைக்காரர் சங்கத்தில் சேர்ந்து, இந்தியக் கயிற்று வித்தை உண்மைதானா என்று துருவிக்கொண்டிருந்தார். கண் எப்படி ஏமாறுகிறது என்பது கண் மருத்துவருக்கும் வித்தைக்காரருக்கும் பொதுவான கேள்விதானே.

இனி, பலர் கேட்கத் தயங்கும் செய்திக்கு வருவோம். புரை அறுவையில் விழிலென்சின் பின்னுறையைக் கிழிக்காமல் காக்க வேண்டும். அதன் தடிப்பு தலைமயிரின் தடிப்பில் சிறு பங்கே. இரு கைகளில் கருவிகள், ஒரு கால் நுண்ணோக்கியின் மிதிகட்டையில், மறு கால் புரையைக் கரைத்தெடுக்கும் இயந்திரத்தின் மிதிகட்டையில் என நான்கும் ஒருங்கே இயங்க வேண்டும். பயில்வோர் கையில் பின்னுறை கிழியும் வாய்ப்பு, அனுபவம் மிக்கவர் கையில் உள்ளதைவிட மிகுதி என்பது உலகெங்கும் அறிந்த உண்மை. அதை மறைத்துப் பயனில்லை. அதற்கேற்பப் பயிற்சியை அமைப்பதே முறை.

சுரைக்காயிலும் வெள்ளரியிலும் வெட்டிப் பழகிய பின்னரே மனித உடலில் கத்தி வைக்கலாம் என்று பண்டைய சுசுருத சம்கிதை வகுத்தது. இன்று ஆட்டுக் கண்களிலும் கணினி வழிப் பயிற்சிக் கருவிகளிலும் பழகுகிறார்கள். அதன்பின் பல மாதங்கள் மூத்தவரின் அருகில் அமர்ந்து உதவுகிறார்கள். பிறகும் முழு அறுவை உடனே தரப்படுவதில்லை. ஒரு நோயாளரிடம் ஒரு படியை மட்டும், பெரும்பாலும் எளிய படியை முதலில், மாணவர் செய்கிறார். எஞ்சியதை மூத்தவர் முடிக்கிறார். ஒரே கண்ணில் மட்டும் பார்வை உள்ளவர், கல்போல் இறுகிய புரை உள்ளவர், பாவை விரியாதவர் ஆகியோரின் கண்கள் தொடக்க நிலை மாணவருக்கு ஏற்றவை அல்ல. நுண்ணோக்கியில் இரண்டாவது பார்வைக் குழாய் உண்டு. மூத்தவர் அதன்வழியே ஒவ்வோர் அசைவையும் காண்கிறார், தேவைப்படின் அக்கணமே இடம் மாறி அமர்கிறார்.

ஒப்புதல் படிவத்தில் கையெழுத்திடும் முன், அறுவையைச் செய்பவர் யார், மேற்பார்வையிடுபவர் யார் என்று கேளுங்கள். அது உங்கள் உரிமை. மறு கண்ணில் பார்வை இல்லையென்றால் அதை நீங்களே முதலில் சொல்லுங்கள். அறுவையின்போது கண் மட்டுமே மரத்திருக்கும், காது நன்றாகவே கேட்கும். மூத்தவர் "இன்னும் கொஞ்சம் இடப்பக்கம்" என்று சொல்வது உங்கள் காதில் விழலாம். அது உங்களுக்குச் சொன்னது அன்று, தலையைத் திருப்பிவிடாதீர்கள்.