ஒரு கம்பி அறுந்தால் எத்தனை குழாய்கள் வறளும்?

தருமபுரியில் நான் பொருளாதாரம் கற்பிக்கத் தொடங்கிய ஆண்டுகளில், மாணவர்கள் சிலர் சிரிக்கும்போது கையால் வாயை மறைத்துக்கொள்வதைக் கண்டிருக்கிறேன். கிராமத்துப் பிள்ளைகளின் கூச்சம் என்றே முதலில் எண்ணினேன். பென்னாகரம், பாலக்கோடு பக்கத்து ஊர்களுக்குச் சென்று வந்த பிறகுதான் காரணம் புரிந்தது. அவர்களின் பற்களில் பழுப்புக் கறை படிந்திருந்தது. ஆழ்துளைக் கிணற்று நீரிலிருந்த ஃபுளோரைடு செய்த வேலை அது. குடிநீரில் லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் ஃபுளோரைடு இருக்கக் கூடாது என்பது நம் நாட்டின் தர வரம்பு. வரம்பு மீறிய நீரை ஆண்டுக்கணக்கில் குடித்தால் பாதிப்பு பற்களோடு நிற்பதில்லை. எலும்புகளையும் மூட்டுகளையும் முடக்கும்.

இதற்குத் தீர்வாக வந்ததே ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் மற்றும் ஃபுளோரோசிஸ் பாதிப்புக் குறைப்புத் திட்டம். ஜப்பான் நாட்டின் கடனுதவியுடன், சுமார் 1,929 கோடி ரூபாயில், 2008-இல் அடிக்கல் நாட்டப்பட்டு 2013-இல் பயன்பாட்டுக்கு வந்தது. தருமபுரி, கிருஷ்ணகிரி ஆகிய இரு மாவட்டங்களின் நகரங்களுக்கும் ஆயிரக்கணக்கான ஊரகக் குடியிருப்புகளுக்கும் காவிரி நீர் கிடைத்தது. இந்த வட்டாரத்தில் என் வாழ்நாளில் நான் கண்ட பெரும் பொதுமுதலீடு இது. அதன் பயனைப் பற்றி எனக்கு ஐயமே இல்லை.

ஆனால், காவிரி ஓடுவது பள்ளத்தில். நாம் வாழ்வது மேட்டில். ஓசூர் கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 900 மீட்டர் உயரத்தில் உள்ளது. நீரை ஆற்றிலிருந்து எடுத்து, சுத்திகரித்து, மலைச்சரிவில் ஏற்றி, ஊர்தோறும் உள்ள தொட்டிகளில் நிரப்ப வேண்டும். இந்தப் பயணத்தை இயக்குவது மின்சாரம். நாம் குடிநீர்த் திட்டம் என்று அழைப்பது, வேறொரு கோணத்தில் பார்த்தால், ஒரு மாபெரும் மின்நுகர்வோர்.

மின்சாரம் நின்றால் என்ன ஆகும் என்பதைப் படிப்படியாக எண்ணிப் பாருங்கள். முதலில் பம்புகள் நிற்கும். தொட்டியில் இருக்கும் நீர் சில மணி நேரமோ, ஒரு நாளோ தாங்கும். பழுதைச் சீரமைக்கும் ஊழியர்களை ஒருங்கிணைக்க அலைபேசி வேண்டும். அலைபேசிக் கோபுரத்தில் பேட்டரி தீர்ந்ததும் ஜெனரேட்டருக்கு டீசல் வேண்டும். பெட்ரோல் பங்கில் டீசலை மேலேற்றுவதும் மின்சார பம்புதான். பணம் செலுத்தும் கருவிக்கு மீண்டும் தொலைத்தொடர்பு வேண்டும். சங்கிலி என்று இதைச் சொல்வது பொருந்தாது; இது ஒரு வளையம். மின்சாரத்தில் புறப்பட்டு, மின்சாரத்துக்கே வந்து சேர்கிறது.

இது வெறும் கற்பனையன்று. 2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் கரையைக் கடந்தபோது ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட மின்கம்பங்கள் சாய்ந்தன. நாகை, திருவாரூர், தஞ்சை, புதுக்கோட்டை மாவட்டங்களின் பல கிராமங்களில் புயலில் சேதமடையாத நீர்த்தேக்கத் தொட்டிகளும் வெறுமையாகவே நின்றன. நிலத்தடியில் நீர் இருந்தது, தொட்டி இருந்தது, குழாயும் இருந்தது. ஏற்றுவதற்கு மின்சாரம் இல்லை. ஜெனரேட்டரை லாரியில் ஏற்றி ஊர் ஊராகக் கொண்டுசென்று தொட்டிகளை நிரப்பினார்கள். அலைபேசிச் சேவையும் முடங்கியதால், எந்த ஊருக்கு என்ன தேவை என்பது தெரியவே தாமதமாயிற்று. புயல் கடந்தது சில மணி நேரத்தில்; அதன் பின்விளைவை நீட்டித்தது இந்தப் பின்னல்.

பொருளாதாரத்தில் இந்தப் பின்னலை ஆராய ஒரு கருவி உண்டு. ஒரு துறை தன் உற்பத்திக்கு மற்றத் துறைகளிடமிருந்து எவ்வளவு பெறுகிறது என்பதை அட்டவணையாக்கிக் காட்டியவர் வாசிலி லியோன்டிஃப். அதற்காக 1973-இல் நோபல் பரிசு பெற்றார். பல ஆண்டுகள் அதைக் கரும்பலகையில் எழுதிக் கற்பித்தவன் என்ற முறையில் அதன் குறையையும் சொல்ல வேண்டும். அந்த அட்டவணை எதையும் ரூபாயில் அளக்கிறது. தொலைத்தொடர்புக்கு நீர்த்துறை செலுத்தும் தொகை அதன் மொத்தச் செலவில் மிகச் சிறிய பங்காக இருக்கலாம். ஆனால், அது இல்லாமற்போகும் நாளில் ஏற்படும் இழப்பு சிறிய பங்கு அன்று. விலையில் அற்பமானது, இன்மையில் அனைத்தையும் நிறுத்திவிடும். யாகோவ் ஹெய்ம்ஸ் போன்ற பொறியியல் அறிஞர்கள் பின்னாளில் லியோன்டிஃபின் முறையையே திருத்தி, ஒரு துறையின் செயலிழப்பு மற்றத் துறைகளை எந்த அளவுக்கு முடக்கும் என்று கணக்கிட முனைந்தது இதனால்தான்.

பின்னல் நன்மையே தராது என்று சொல்ல வரவில்லை. 2012 ஜூலை 30, 31 தேதிகளில் வட இந்திய மின்தொகுப்பு சரிந்தது. இரண்டாம் நாள் கிழக்கும் வடகிழக்கும் சேர்ந்து இருண்டன. சுமார் 60 கோடி மக்கள் வாழும் பகுதி அது. பினா - குவாலியர் இடையிலான ஒரு 400 கிலோவோல்ட் மின்தடம் துண்டிக்கப்பட்டதில் தொடங்கியது அந்தச் சரிவு. அன்று தென்னகத் தொகுப்பு தனித்து இயங்கியதால் நாம் தப்பினோம். (அந்த ஆண்டு தமிழ்நாட்டுக் கிராமங்களில் நிலவிய மின்வெட்டை நினைத்தால், தப்பினோம் என்று சொல்லவே சற்றுத் தயக்கமாக இருக்கிறது.) 2013 டிசம்பர் 31 அன்று ராய்ச்சூர் - சோலாப்பூர் தடம் வழியாகத் தெற்கும் நாட்டின் தொகுப்போடு இணைந்தது. பற்றாக்குறைக் காலத்தில் வடக்கிலிருந்து மின்சாரம் பெற வழி பிறந்தது. அதிர்ச்சி வந்து சேரும் வழியும் அதுவே.

இயற்கைக்கும் பழுதுக்கும் அப்பால் இன்று வேறொரு வாசலும் திறந்திருக்கிறது. கூடங்குளம் அணுமின் நிலையத்தின் நிர்வாகக் கணினி ஒன்றில் தீநிரல் புகுந்ததை இந்திய அணுமின் கழகம் 2019 அக்டோபரில் உறுதிப்படுத்தியது. உலையை இயக்கும் கணினி அமைப்பு தனித்து வைக்கப்பட்டிருந்ததால் பாதிக்கப்படவில்லை என்றும் தெரிவித்தது. தனித்து வைத்தல் என்ற எளிய ஏற்பாட்டின் மதிப்பு இதிலிருந்து விளங்கும். அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் ஓல்ட்ஸ்மார் என்னும் சிற்றூரில், 2021 பிப்ரவரியில் குடிநீரில் கலக்கும் காரத்தின் அளவு திரையில் நூறு மடங்குக்கும் மேலாக உயர்த்தப்பட்டது. பணியிலிருந்த ஊழியர் பார்த்து உடனே குறைத்தார். ஊடுருவல் என்று முதலில் சொன்னார்கள். ஊழியர் தவறாக இருக்கலாம் என்று பிறகு ஒரு கருத்து எழுந்தது. எதுவாயினும் ஊரைக் காத்தது, திரையைப் பார்த்துக்கொண்டிருந்த ஒரு மனிதரின் கண்.

தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 70ஏ பிரிவின்படி, இன்றியமையாத் தகவல் கட்டமைப்புகளைக் காக்க தேசிய அளவில் ஓர் அமைப்பு 2014 முதல் செயல்படுகிறது. நல்லது. ஆனால், அரசமைப்புச் சட்டப்படி குடிநீர் மாநிலப் பட்டியலில் உள்ளது. ஊருக்குள் அதைப் பகிர்ந்தளிப்பவை உள்ளாட்சிகள். தில்லியில் இருந்து பார்த்தால் பென்னாகரத்து நீரேற்று அறையின் கடவுச்சொல் தெரியப்போவதில்லை.

மாவட்டத்துக்குள்ளேயே நாம் பார்க்கவேண்டிய இடம் ஒன்று உண்டு. தேசிய நெடுஞ்சாலை 44-உம், சேலம் - பெங்களூரு ரயில்பாதையும் தொப்பூர் மலைப்பகுதியில் அருகருகே செல்கின்றன. 2021 நவம்பர் 12 அதிகாலையில் தொப்பூருக்கும் சிவாடிக்கும் இடையே பாறைகள் சரிந்து கண்ணூர் - யஷ்வந்த்பூர் விரைவு ரயில் தடம்புரண்டது. பயணிகள் நல்வாய்ப்பாக உயிர் தப்பினர். கணவாய்ச் சாலையில் நேரும் விபத்துகளைத் தருமபுரி வாசகர்களுக்கு நான் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. ஒரே கனமழை சாலையையும் பாதையையும் ஒருசேர அடைத்தால், தெற்கிலிருந்து வரும் டீசலும், குளோரினும், மின்மாற்றி உதிரிகளும் எந்த வழியாக வரும்?

மாற்றுவழிக்குச் செலவாகும். அது பயன்படாத நாள்களில் வீண்செலவாகத் தோன்றும். தணிக்கையில் கேள்வி எழும். இரண்டாவது மின்னூட்டி அமைக்கும் செலவு மின்துறையினுடையது. அது இல்லாததால் ஏற்படும் இழப்போ குடிநீர் வாங்க லாரியின் பின்னால் நிற்கும் பெண்ணினுடையது. செலவழிப்பவரும் இழப்பவரும் வேறு வேறாக இருக்கும்போது சந்தை சரியான முதலீட்டைச் செய்யாது. அரசு தலையிட வேண்டிய இடம் இது என்பதைப் பாடநூல்கள் தெளிவாகவே சொல்கின்றன.

எல்லாவற்றுக்கும் கோடிகள் வேண்டியதில்லை. காவிரி நீர் வந்ததும் பல ஊர்களில் கைப்பம்புகள் துருப்பிடிக்க விடப்பட்டன. பொதுக்கிணறுகள் குப்பையால் நிரம்பின. அவற்றின் நீரில் ஃபுளோரைடு இருக்கலாம். எனினும், ஃபுளோரைடு ஆண்டுக்கணக்கில் கொல்வது, நீரின்மை நாள்கணக்கில். அந்தக் கிணறுகளைத் தூர்வாரி, நீரைச் சோதித்து, அளவைச் சுவரில் எழுதி, புழக்கத்துக்கும் அவசரத்துக்கும் மட்டும் என வைத்திருக்கலாம். 2003-இல் கட்டாயமாக்கப்பட்ட மழைநீர் சேகரிப்பை, குடிப்பதற்கு ஏற்ற தொட்டிகளாகப் பள்ளிகளிலாவது மாற்றலாம். மழைநீரில் ஃபுளோரைடு கிடையாது.

மாவட்டப் பேரிடர் மேலாண்மைக் கூட்டத்தில் ஒரு தாளை மட்டும் காண விரும்புகிறேன். மின்சாரம் 72 மணி நேரம் இல்லையெனில் எந்த நீரேற்று நிலையத்துக்கு முதல் ஜெனரேட்டர், எந்த மருத்துவமனைக்கு முதல் லாரி, அலைபேசி இயங்காதபோது யார் யாரைத் தேடி எங்கே செல்வது என்று எழுதிய தாள். அது கணினியில் மட்டும் இருக்கக் கூடாது. அச்சிட்டு, ஒவ்வொரு டேங்க் ஆபரேட்டரின் அறைச் சுவரிலும் ஒட்டியிருக்க வேண்டும்.