கடைசி பெஞ்சுக்கு ஒரு ஓட்டு!

சினிமா ஹீரோ என்றால் அடிக்கணும், ஆடணும், பரீட்சையில் முதல் ரேங்க்கும் வாங்கணும். பந்து வந்தால் பிடிக்கத் தெரியாமல், யாராவது பேசினால் பதில் வராமல் திருதிருவென்று முழிக்கிற பள்ளிக்கூடத்து அசடை ஹீரோவாகப் போட்டால் படம் ஓடுமா?

ஓடியிருக்கிறது சார்! 2004-ல் அமெரிக்காவில் வந்த 'நெப்போலியன் டைனமைட்' காமெடிக்கு ஆன செலவு சுமார் 4 லட்சம் டாலர். வசூலோ 4 கோடி டாலருக்கு மேல்! சுருட்டை முடி, சோடாபுட்டிக் கண்ணாடி, பாதி திறந்த வாய்... இதுதான் ஹீரோ. தன்னைப்போலவே ஒண்டியாக நிற்கிற பெத்ரோவை மாணவர் தேர்தலில் ஜெயிக்க வைக்க, மேடையேறி ஒரு டான்ஸ் போடுகிறான் பாருங்கள்... அடடா!

2024-ல் வந்த மலையாளப் படம் 'ஸ்தானார்த்தி ஸ்ரீக்குட்டன்'. இதிலும் பள்ளிக்கூடத் தேர்தல்தான். படம் கிளப்பிய யோசனையில், 2025-ல் கேரளத்துப் பள்ளிகள் சிலவற்றில் பெஞ்சுகளைச் சுவரோரமாகப் போட்டு, கடைசி வரிசையையே ஒழித்துவிட்டார்கள். அந்த ஜூலையில் தமிழ்நாட்டிலும் 'ப' வடிவில் உட்கார வைக்கும் பேச்சு வந்தது. கூடவே, "கழுத்து வலிக்குமே!" என்ற ஆட்சேபணையும்.

இந்தப் படங்கள் ஏன் பிடிக்கின்றன? 40 பேர் க்ளாஸில் முதல் ரேங்க் ஒருத்தனுக்குத்தான். மீதி 39 பேரும் டிக்கெட் வாங்குகிறவர்கள். இந்தக் கணக்கு தயாரிப்பாளருக்குத் தெரியாதா என்ன? தவிர, இந்த ஹீரோ கண்ணாடியைக் கழற்றிவிட்டு அழகனாக மாறுவதில்லை. கடைசிவரை அசடாகவே இருந்து ஜெயிக்கிறான். நமக்கும் ஒரு சான்ஸ் உண்டு என்று தோன்றிவிடுகிறது!

பழவேற்காடு ஏரிக்கரையில் வலை பிரித்துக்கொண்டிருந்த பத்தாம் வகுப்புத் தம்பியிடம் ஸ்ரீக்குட்டன் கதையைச் சொன்னேன். ராத்திரி அப்பாவோடு இறாலுக்குப் போய்விட்டு, பகலில் க்ளாஸில் தூங்கி விழுகிறவன். "மீன் வாடைன்னு பக்கத்துல யாரும் உக்கார மாட்டாங்கண்ணா. அதான் கடைசி பெஞ்சு" என்றான் சிரித்தபடியே. அப்புறம், "பெஞ்சை மாத்திப் போட்டாங்களா? எங்க பாடும் அப்படித்தாண்ணா" என்றான்.

பாடு என்பது அங்கே பழைய ஏற்பாடு. இறால் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி கிடைக்காது. அதனால் சில குப்பங்கள் சீட்டுப் போட்டு, முறை வைத்து இடம் பிரித்துக்கொள்கின்றன. இன்று நல்ல இடம் உனக்கு, நாளை எனக்கு.

"பாட்டுல பேர் இல்லாதவங்களுக்கு?" என்று கேட்டேன். "அவங்களுக்கு முறையே வராதுண்ணா" என்றான், குரலை இறக்கி. ஏரியிலும் இருக்கிறது ஒரு கடைசி பெஞ்சு!

தம்பிக்கு அடுத்த வாரம் பாடு முறையாம். முன் பெஞ்சு முறை எப்போது வரும் என்பதை அவனுடைய வாத்தியார்தான் சொல்லணும்.