பறையிலிருந்து பிறந்த ஒரு சொல்

அன்று ஆங்கில வகுப்பு. பாடத்தில் "பரையா" என்றொரு சொல் வந்தது. அகராதியைப் புரட்டினோம், "பிறரால் ஒதுக்கப்பட்டவர்" என்று பொருள் கண்டோம். சொந்த வாக்கியத்தில் அமைக்கச் சொன்னபோது, "தேர்வில் தோற்றவனை நண்பர்கள் பரையாவைப் போல் நடத்தினர்" என்று எங்களில் பலர் எழுதிவிட்டோம். அப்போது ஒரு தோழி எழுந்து, "மிஸ், இது எங்கள் மக்களின் பெயரல்லவா?" என்று கேட்டாள். வகுப்பே அமைதியாயிற்று. அக்கேள்வியே இக்கட்டுரைக்கு விதை.

ஆம், இது தமிழ்ச் சொல்லே. பறை என்னும் தோற்கருவியின் பெயரோடு தொடர்புடையது பறையர் என்னும் பெயர். பறைதல் என்றால் சொல்லுதல் என்றும் பொருள். கேரளத்திலிருந்து வந்த எங்கள் சகோதரி ஒருவர், "சொல்" என்பதற்கு இன்றும் "பற" என்றே சொல்வார். தொல்காப்பியம் நிலந்தோறும் உரிய கருப்பொருள்களுள் பறையையும் வைத்துப் போற்றுகிறது. திருப்பாவையில் ஆயர்குலச் சிறுமியர் கண்ணனிடம் வேண்டுவதும் பறையே!

இத்தகைய சொல் இழிசொல் ஆனது எவ்வாறு? 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே ஐரோப்பியர் எழுதிய பயண நூல்கள் வழியாக இது ஆங்கிலத்தில் புகுந்தது. ஊருக்கு வெளியே சேரியில் வாழுமாறு நம்மவர் ஒதுக்கிவைத்த மக்களை அவர்கள் கண்டனர். ஒரு சமூகத்தின் பெயரையே ஒதுக்கப்பட்டோர் அனைவருக்கும் பெயராக்கினர். 19ஆம் நூற்றாண்டில் அது எந்நாட்டிலும் விலக்கப்பட்ட எவரையும் குறிக்கலாயிற்று. தெருநாய்க்கும் பருந்துக்கும்கூட அடைமொழியாயிற்று. 1886இல் வெளிவந்த "ஹாப்சன்-ஜாப்சன்" அகராதியில் இவற்றைக் காணலாம். உலக நாடுகள் ஒதுக்கிய ஒரு நாட்டை இன்றும் செய்தித்தாள்கள் "பரையா ஸ்டேட்" என்கின்றன.

இலக்கியத்தில் இச்சொல் வேறு முகமும் காட்டியது. 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் பிரெஞ்சு எழுத்தாளர் பெர்னார்தென் த சென்-பியேர் "இந்தியக் குடிசை" என்னும் கதை எழுதினார். உண்மையைத் தேடி அலையும் ஆங்கில அறிஞர் ஒருவர், கற்றோரிடம் காணாததை ஓர் எளிய பறையர் குடிசையில் காண்கிறார். ஜெர்மானியக் கவிஞர் கதேயும் இச்சொல்லையே தலைப்பாக்கிக் கவிதை படைத்தார்.

எல்லாவற்றிலும் எங்களைக் கவர்ந்தவர் நம் செங்கற்பட்டுச் சீமையின் கோழியாளத்தில் பிறந்த இரட்டைமலை சீனிவாசன். பிறர் இகழ்ந்த பெயரை அவர் மறைக்கவில்லை. 1893இல் "பறையன்" என்ற பெயரிலேயே இதழ் தொடங்கினார். 1930இல் இலண்டன் வட்டமேசை மாநாட்டில் அம்பேத்கருடன் அமர்ந்து தம் மக்களுக்காக வாதாடினார். நம் காலத்தில் திண்டுக்கல்லில் அருட்சகோதரி சந்திரா, இளம்பெண்களின் கையில் பறையைத் தந்து தலைநிமிரச் செய்துள்ளார். 2025இல் பறை இசைக் கலைஞர் வேலு ஆசானுக்குப் பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டது.

அகராதி பொருளைத்தான் சொல்லும். அச்சொல் யாரை நோகச்செய்யும் என்பதை நாமே அறிய வேண்டும். படிக்கும்போது இச்சொல் வந்தால் அதன் வரலாற்றை நினைப்போம். எழுதும்போது, "எல்லோரும் ஒதுக்கினர்" என்று நேராகச் சொன்னால் போதுமே! மறுநாள் எங்கள் குறிப்பேட்டில் அவ்வாக்கியத்தை அடித்துத் திருத்தினோம். மதிப்பெண் குறையவில்லை, தோழியின் முகம் மலர்ந்தது.