உங்களுக்குத் தெரியுமா? பசித்தால் வலிக்கும் வயிறு

சாப்பிட்டால் வலி கூடும் என்றுதான் நினைப்போம். முன்சிறுகுடல் புண்ணில் பெரும்பாலும் நேர்மாறு. சாப்பிட்டு இரண்டு மூன்று மணி நேரம் கழித்து, வயிறு காலியானதும், மேல்வயிற்றைக் கவ்விப் பிடிக்கும். நடுராத்திரியில் தூக்கத்திலிருந்து எழுப்பிவிடும். நாலு பிஸ்கட் தின்றால் அடங்கும். தலையணைப் பக்கத்தில் பிஸ்கட் பாக்கெட்டோடு படுப்பவர் உங்கள் வீட்டில் இருந்தால், பழக்கம் என்று விட்டுவிடாதீர்கள். டாக்டரிடம் அழைத்துப் போங்கள்.

இரைப்பையில் சுரப்பது ஹைட்ரோகுளோரிக் அமிலம். ஒரு நாளைக்குச் சுரக்கும் இரைப்பைநீர் ஒன்றரை முதல் இரண்டு லிட்டர். இரைப்பைக்குக் கெட்டியான சளிப் படலம் காவல். இரைப்பையைத் தாண்டியதும் வரும் சிறுகுடலின் முதல் இரண்டு அங்குலத்துக்கு அவ்வளவு காவல் கிடையாது. அமிலத்தை முறிக்கும் கணைய நீரும் அதற்குக் கீழேதான் வந்து சேர்கிறது. புண் பெரும்பாலும் விழுவது அந்த இரண்டு அங்குலத்தில்தான்.

அமிலம் சுரக்காத வயிற்றில் இந்தப் புண் வராது என்று டாக்டர் கார்ல் ஷ்வார்ஸ் எழுதியது 1910-ல்.

‘அல்சரா? பால் குடி.’ நம் ஊரில் மட்டுமல்ல, அமெரிக்காவிலும் இதுதான் வைத்தியமாக இருந்தது. சிகாகோ டாக்டர் பெர்ட்ரம் சிப்பி 1915-ல் மணிக்கொரு தரம் பாலும் பாலாடையும் கொடுக்கச் சொன்னார். குடித்ததும் இதமாகத்தான் இருக்கும். ஆனால் பாலில் உள்ள கால்சியமும் புரதமும் கொஞ்ச நேரத்தில் அமிலத்தை மறுபடி சுரக்கவைக்கும்.

சாப்பாட்டின் மீதும் சந்தேகம் இருந்தது: அரிசிச் சோறு உண்ணும் தென்னிந்தியாவில் இந்தப் புண் அதிகமாகவும், கோதுமை உண்ணும் பஞ்சாபில் குறைவாகவும் இருந்தது. மைசூரில் பணியாற்றிய ஆங்கிலேய சர்ஜன் ஃபிராங்க் டோவி இந்த வித்தியாசத்தைப் பல ஆண்டுகள் ஆராய்ந்தார்.

அமிலத்தைக் குறைக்க, வயிற்றுக்குப் போகும் நரம்பையே வெட்டிய காலம் உண்டு. 1976-ல் பிரிட்டனில் சிமெடிடின் மாத்திரை வந்த பிறகு அந்த ஆபரேஷன் வெகுவாகக் குறைந்தது. அதற்கு வழிசெய்த ஜேம்ஸ் பிளாக்குக்கு 1988-ல் நோபல் பரிசு. மாத்திரை சாப்பிட்டால் சில வாரங்களில் புண் ஆறியது. மாத்திரையை நிறுத்தினால் பலருக்கு ஒரு வருஷத்துக்குள் திரும்ப வந்தது. அமிலம்தான் எல்லாம் என்றால், ஆறிய புண் ஏன் திரும்ப வரவேண்டும்?

ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் டாக்டர்கள் ராபின் வாரனும் பாரி மார்ஷலும் நோயாளிகளின் இரைப்பைத் துணுக்குகளில் சுருள் வடிவக் கிருமி ஒன்றைப் பார்த்தார்கள். வளர்க்கப் பார்த்தால் வளரவில்லை. 1982 ஈஸ்டர் விடுமுறையில் கிருமி வைத்த தட்டுகள் வழக்கத்தைவிடக் கூடுதல் நாள் அப்படியே கிடந்தன. திரும்பி வந்து பார்த்தால் கிருமி வளர்ந்திருந்தது! 1984-ல் மார்ஷல் அதைக் கரைத்துத் தானே குடித்தார். சில நாட்களில் வாந்தி; எண்டோஸ்கோப்பியில் இரைப்பை வெந்து சிவந்திருந்தது. அந்தக் கிருமிதான் ஹெலிகோபேக்டர் பைலோரி. இருவருக்கும் 2005-ல் நோபல்.

இதில் என்னை அசரவைப்பது அடுத்த கட்டம். இரைப்பையின் அடிப்பகுதியில் குடியேறும் கிருமி, அமிலச் சுரப்பை அடக்கும் பிரேக்கைத் தளர்த்திவிடுகிறது. கூடுதல் அமிலம் சிறுகுடலில் இறங்குகிறது. அதைத் தாங்க, குடல் தன் உள்தோலைத் திட்டுத் திட்டாக இரைப்பைத் தோல் போலவே மாற்றிக்கொள்கிறது. இந்தக் கிருமியோ இரைப்பைத் தோலில் மட்டும்தான் ஒட்டும். தப்பிக்கக் குடல் செய்த மாற்றமே கிருமிக்கு அங்கே இடம் கொடுத்துவிடுகிறது. புண் அங்கேதான் விழுகிறது.

கிருமி இல்லாமலும் வரலாம். மூட்டு வலிக்கு மாதக்கணக்கில் விழுங்கும் வலி மாத்திரை முக்கியக் காரணம். மிளகாய் இந்தப் புண்ணை உண்டாக்குவதில்லை. மலம் தார் போலக் கறுத்துப் போனால் புண்ணில் ரத்தம் கசிவதாக இருக்கலாம். அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும்.

எண்டோஸ்கோப்பியில் எடுத்த துணுக்கை மஞ்சள் ஜெல்லில் வைப்பார்கள். கிருமி இருந்தால் அது விடும் அம்மோனியாவால் மஞ்சள் இளஞ்சிவப்பாக மாறும். அமிலத்தைக் குறைக்கும் ஒமிப்ரசோல், பான்டோப்ரசோல் வகை மாத்திரை சாப்பிட்டுக்கொண்டிருந்தால் கிருமி இருந்தும் நிறம் மாறாமல் போகலாம். அதனால் சோதனைக்கு இரண்டு வாரம் முன்பே அதை நிறுத்தச் சொல்வார்கள். கிருமி உறுதியானதும் அதே மாத்திரையை ஆன்டிபயாட்டிக்குகளோடு சேர்த்து, வழக்கமாக 14 நாள் கொடுப்பார்கள். அமிலம் தணிந்த வயிற்றில்தான் அந்த மருந்துகள் நன்றாக வேலை செய்யும்.